தண்ணீருக்குப் போட்ட ஓட்டு

தேர்தல் நாள் பிற்பகல். சிவகாசி பேருந்து நிலையத்துச் சர்பத் கடையின் நீலத் தார்ப்பாய் நிழலில், எம். புதுப்பட்டியிலிருந்து வந்த பட்டாசுத் தொழிலாளி செல்வலட்சுமியும் உள்ளூர் அச்சகக்காரர் மகள் ஐஸ்வர்யாவும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இருவர் விரலிலும் மை. "யாருக்குக்கா போட்டீங்க?" என்கிறாள் ஐஸ்வர்யா. செல்வலட்சுமி தயங்காமல் பெயரைச் சொல்கிறாள். "எங்க புதுப்பட்டிக் கண்மாய்த் தண்ணிய டவுனுக்குக் கொண்டுபோக விடமாட்டேன்னாரு தாயி." ஐஸ்வர்யாவின் டம்ளரில் பனிக்கட்டி கிணுகிணுக்கிறது. "நானும் அவருக்குத்தான் போட்டேன். உங்க கண்மாயிலருந்து எங்க தெருவுக்குக் குழாய் போடுறேன்னாரே!" அவர் அப்படிப் பேசிய கூட்டத்தின் வீடியோவைக் கைபேசியில் தேடி எடுத்துக் காட்டுகிறாள். தார்ப்பாய்க்குக் கீழே சாய்ந்து விழும் கண்கூசும் வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு இருவரும் திரைமேல் குனிகிறார்கள். வேட்பாளர் பேசி முடிக்கிறார். "இன்னொருக்கா போடு தாயி" என்கிறாள் செல்வலட்சுமி. மறுபடியும் உற்றுப் பார்க்கிறாள். "எங்க ஊருக்கும் இதே சட்டையிலதான் வந்தாரு."