அரை சிலிண்டர்

"அரை சிலிண்டர் அண்ணே, ஓரமா நில்லுங்க. லாரி போகட்டும்."

கேஸ் கிடங்கில் எனக்கு அதுதான் பெயர். முப்பது, நாற்பது என்று அள்ளிக்கொண்டு போகிற பெரிய பட்டறைகளுக்கு நடுவே, ஒற்றைச் சிலிண்டரில் பாதிக்கு மட்டும் சொந்தக்காரன் நான். தள்ளுவண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நின்றேன்.

மீதிப் பாதிக்கு இன்னொருவர் இருக்கிறார். அவரும் என்னைப் போல ஒற்றை ஆள் பட்டறை. எவர்சில்வரைப் பற்றவைக்கும்போது உருகும் இடத்தில் காற்றுப் படாமல் காக்க ஆர்கான் வேண்டும். ஆளுக்கொரு சிலிண்டர் கட்டுப்படியாகாது என்று கிடங்குக்காரர்தான் எங்களைக் கோத்துவிட்டார்.

திங்கள் காலையிலிருந்து புதன் சாயங்காலம் வரை அவர். வியாழன் காலையிலிருந்து சனி சாயங்காலம் வரை நான்.

இரண்டு வருடமாகிறது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

எழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். திருப்பி வைக்கும்போது மீட்டர் எவ்வளவு காட்டியது என்று சிலிண்டர் மேலேயே சாக்பீஸால் எழுதிவைப்பது எங்கள் ஏற்பாடு. பின்னால் தகராறு வந்துவிடக் கூடாதே என்று ஆரம்பித்தது. போகப்போக எண்ணுக்குப் பக்கத்தில் ஓரிரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டது.

'வால்வு இறுக்கம், பார்த்து.' 'செம மழை.' ஒருமுறை நான் ஒரு வாரம் வராமல் போனதற்கு, 'உடம்பு தேவலையா?'

எனக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள், இந்த இரண்டு மூன்று சொல்லுக்காக வியாழக்கிழமை எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பேன்.

லாரி நகர்வதாக இல்லை. சுவரில் இருந்த போர்டை ஒரு தடவை படித்தேன். 'மூன்று மாதத்தில் காலியாகாத சிலிண்டர் திரும்பப் பெறப்படும்.' அது எனக்கு மனப்பாடம்.

படிக்க வேறொன்றும் இல்லாததால், சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த எங்கள் சிலிண்டரை மேலிருந்து கீழாகப் படித்தேன். வழக்கமாகக் கடைசி எண்ணையும் பக்கத்துச் சொல்லையும் மட்டும் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றிவிடுவேன்.

150, நிரப்பி வந்தபோது கிடங்குக்காரர் எழுதியது. 140, அவர். 130, நான். 120, அவர். 110, நான். 100, அவர், நேற்று.

என் எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

எட்டு மாதமாக என் பட்டறையில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. கை நடுங்குகிறது. நடுங்கும் கையால் நேராக ஒரு வெல்டிங் தையல் ஓட்ட முடியாது. வந்த ஒன்றிரண்டு வேலையையும் நேரமில்லை என்று கெத்தாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் வேலை இல்லாதவனோடு யார் பங்கு வைத்துக்கொள்வார்கள்? மீட்டர் இறங்காவிட்டால் என் பாதி போய்விடும். பாதி போனால் அந்த எழுத்தும் போய்விடும்.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும், மூச்சு முட்டாமலிருக்க ஷட்டரை முழுவதும் தூக்கிவிட்டு, சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வால்வைத் திறந்துவிடுவேன். ஆர்கானுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும். முள் சரியாகப் பத்து இறங்கியதும் மூடிவிடுவேன். காசைக் காற்றில் விடுகிறவன் ஊரிலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது சிலிண்டருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போய் அவருடைய எண்களை மறுபடி பார்த்தேன்.

வேலை செய்கிறவனுக்கு எண் கோணல்மாணலாகத்தான் வரும். ஒரு நாள் கைப்பிடிக் கம்பி, ஒரு நாள் வெறும் ஒட்டு. 143 வரும், 128 வரும். நான் வேலை செய்த நாட்களில் எனக்கு அப்படித்தான் வந்தது. யாருக்கும் ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்தாற்போலப் பத்து இறங்காது.

உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தால்தான் இறங்கும்.

அப்படியானால் அவருக்கும் வேலை இல்லை. அவருக்கும் கையா, கண்ணா, வேறு என்னவோ. அவரும் எங்கோ ஒரு ஷட்டரைத் தூக்கிவிட்டு, நான் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயந்துகொண்டு, தனியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நாள் அவரை ஓய்வில்லாத ஆள் என்று நினைத்துப் பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

லாரி போனது. கிடங்குக்காரர் சங்கிலியைக் கழற்ற வந்தார். திங்கட்கிழமை வரை இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

"ஏண்ணே, வேலை இல்லையா?"

இல்லை என்றேன். எட்டு மாதத்தில் அந்தச் சொல்லை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். நூறுக்குக் கீழே எண் எழுதவில்லை. 'புதன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்கே நிற்பேன்' என்று எழுத ஆரம்பித்தேன்.

இத்தனை மாதமும் நடுக்கம் தெரியக் கூடாது என்று வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு எண்ணையும் எழுதிவந்தேன். இன்று மணிக்கட்டை விட்டுவிட்டேன். எழுத்து மேலும் கீழும் இழுத்துக்கொண்டு போனது.

துடைக்காமல், வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.