சண்டை முடியட்டும்

"சண்டை வந்துட்டா என்ன செய்வீக தங்கச்சி?"

மாடத்தி காப்பி டம்ளரை இன்னும் வாயில் வைக்கவில்லை. அதற்குள் சின்னச்சாமி கேட்டுவிட்டார்.

ஆனைக்குட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருத்தங்கலுக்கு வந்திருந்தாள் மாடத்தி. மகன் விக்னேஷ்குமாரும் கூட வந்து பெண்ணைப் பார்த்திருக்க வேண்டியது. எல்லையில் பதற்றம், ராணுவத்தில் எல்லோருக்கும் லீவு ரத்து என்று போன் வந்ததும், பாதி லீவில் ரயிலேறிவிட்டான். "அந்தப் பிள்ளையவே பேசி முடிச்சிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அடுப்படியில் நின்ற சின்னச்சாமி மகள் பாண்டிச்செல்வி கரண்டிச் சத்தத்தை நிறுத்திக்கொண்டாள்.

"சண்டையெல்லாம் வராதுண்ணே," என்றாள் மாடத்தி. "அமெரிக்காக்காரன் ஒரு போனைப் போட்டான்னா ரெண்டு பேரும் பொத்திக்கிட்டு உக்காந்துருவாக."

"அவன் எதுக்குப் போடுறான்? ஆயுதம் விக்கிறவனே அவன்தான. யாவாரி கடைய மூடுவானா?"

"அப்ப ரஷ்யாக்காரன் சொல்லுவான்."

"அவன் வீட்டுச் சண்டையே முடியல. இங்கன வந்து பஞ்சாயத்து பண்ணப் போறானாக்கும்."

டிவியில் வரைபடத்தின் மேல் சிவப்பு அம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கண் விழித்ததிலிருந்து சின்னச்சாமிக்கு அதுதான் உலகம். சில வருஷத்துக்கு முன்னால் பட்டாசுக்கு வெடிமருந்து கலக்கும்போது பிடித்த தீயில் அவருடைய இரண்டு கை விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. டம்ளரை மணிக்கட்டுகளுக்கு நடுவில் இடுக்கித்தான் குடிப்பார். சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவதும் சோறு ஊட்டுவதும் மகள்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு உலை கொதிப்பதும் மகள் சம்பளத்தில்தான்.

எந்த நாட்டுக்காரன் யார் பக்கம் என்பதெல்லாம் பாண்டிச்செல்விக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு வாரமாக அவளும் செய்தி கேட்டாள். சண்டை வராது என்று எவன் சொன்னாலும், கோட்டுப் போட்டவனோ குல்லாப் போட்டவனோ, அவன் நல்லாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாடத்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எம்மவன் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கான். தரகர் அன்னைக்கே சொல்லிருப்பாரு. பேசி முடிச்ச நாளையிலருந்து பிள்ள கம்பெனிக்குப் போகக்கூடாது. நகைநட்டு ஒண்ணும் வேண்டாங்கான். அங்கன வேட்டுச் சத்தம் கேக்கும்போதுகூட இவ வேலைய நெனச்சாத்தான் அவனுக்குப் பயமா இருக்காம்."

பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் ரூமில் வேலை பார்த்தாள் பாண்டிச்செல்வி. போட்டோவைப் பார்த்தபோது அவன் முகம் மனதில் நிற்கவில்லை. தரகர் இதைச் சொன்ன பிறகுதான் நின்றது.

சின்னச்சாமி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாஞ் சரிதான் தங்கச்சி. நாளைக்கே சண்டை வந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? தெரிஞ்சே எம்பிள்ளையத் தூக்கி நெருப்புல போடச் சொல்றீகளா?"

"எம்மவனுக்குத் துப்பாக்கியாச்சும் குடுத்திருக்காகண்ணே. ஒங்க மவளுக்கு என்ன குடுத்திருக்காக?"



சொன்னது கூடிப்போயிற்று என்று மாடத்திக்கே பட்டிருக்கும். குரலை இறக்கினாள். "ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்தத மெல்லப் பேசிக்கிருவோம்."

"சண்டை முடியட்டும்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேண்ணே."

"ஆரம்பிக்கும். அதுல மாத்தமே இல்ல."

மாடத்தி எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தாள். "அவன் ஒன்னத்தான் கேட்டான் தாயி. காத்துக்கெடக்கச் சொன்னா எம்புட்டு நாளைக்குக் கெடப்பான்? வேற எடமும் வந்துருக்கு" என்றாள். பதிலுக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பாண்டிச்செல்வி பாலியஸ்டர் சேலையை அவிழ்த்துவிட்டு நூல் சேலையைக் கட்டினாள். பாலியஸ்டரில் போனால் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உராய்ந்தால் பொறி கிளம்பும்.

அப்பாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். தண்ணீர் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டாள்.

"நீ தாலியறுத்துட்டு வந்து நிக்கிறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

"சரிப்பா."

அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டு சங்கிலிமுத்துவின் லாரி தெருவை அடைத்து நின்றது. அதற்குப் பின்னால் கம்பெனி வேன். அவள் லாரியைச் சுற்றிக்கொண்டு வேனுக்குப் போனாள். படியில் ஒரு காலை வைத்தபோது லாரிக்கு அந்தப் பக்கம் சங்கிலிமுத்துவின் குரல் கேட்டது.

"சித்தப்பா, வடக்க ஒரு வெடி லோடு கெடக்கு. போகக்கூடாதுன்னு வீட்டுல அவ அழுகா. ஒங்களுக்குத்தான் நியூஸ் எல்லாம் அத்துப்படி. சண்டை வருமா?"

சின்னச்சாமி வாசலுக்கு வந்திருக்க வேண்டும். வேன் போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

"போலே. சண்டையும் வராது, ஒரு மண்ணும் வராது. ரெண்டு பயலும் பூச்சாண்டி காட்டுறானுக. எனக்குத் தெரியாதா? தைரியமாப் போய்ட்டு வா."

பாண்டிச்செல்வி மற்றக் காலையும் எடுத்து வைத்தாள்.

வேன் பின்னுக்குப் போய்த் திரும்பியது. ஜன்னலோரத்தில் இருந்த செல்வலட்சுமி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒரே ரூமில் இவளுக்கு எதிரே உட்கார்ந்து மருந்து செலுத்துகிறவள்.

"மாப்ள வீட்டுலருந்து வந்தாகளாமே. என்னடி சொன்னாரு ஒங்கப்பா?"

பாண்டிச்செல்வி தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சண்டை வரப்போகுதுல்லக்கா. முடியட்டும்னு சொல்லிட்டாரு."