பேச்சிமுத்து மாமாவின் போன்

இந்தக் கதையில ஒரு பெரிய சிரிப்பு இருக்கு. இப்பவே தர மாட்டேன். செத்த நேரம் பொறுங்க.

என் தம்பி அன்சாருக்கு ஏழு வயசு. வாய்ப்பாட்டைத் தலைகீழாச் சொல்லுவான். பென்சிலைப் பிடிச்சா மட்டும் எழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓடிரும். பள்ளிக்கூடத்துல அவன் நோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரிச்சாங்க. அன்னைக்கே அவனைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டு, அம்மா வீட்டுலயே சொல்லிக்கொடுக்காங்க.

"ரெண்டே வரி எழுதுடா தங்கம்."

"மாட்டேன். கை வலிக்கு."

பென்சில் பீரோவுக்கு அடியில பறக்கும். அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே குனிஞ்சு எடுப்பாங்க.

எனக்கு எல்லார் குரலும் வரும். கண்டக்டர், காய்கறி வண்டி ஸ்பீக்கர், எங்க ஹெட்மிஸ்ட்ரஸ். ஒருநாள் பக்கத்து வீட்டு பியூலா போனை வாங்கி, மொட்டை மாடியில நின்னு அம்மா போனுக்கு அடிச்சேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை பேச்சிமுத்து மாமா குரல்ல!

"ஏலே அன்சாரு, பெட்டியில ஒட்டுற சீட்டு எழுத ஆளில்லலே. 'இன்று செய்தது'ன்னு தினமும் பத்து எழுதி அக்காட்ட கொடுத்துவிடுதியா?"

"எழுதுதேன் மாமா!"

அதுக்கப்புறம் தினமும் சாயந்தரம் மாமா போன்ல பாராட்டுவாரு. "ஏலே, இன்னைக்கு உன் எழுத்து எம்புட்டு அழகு!"

பொறவு நான் கீழ இறங்கிவந்து, "இது எழுத்தா, எறும்பு ஊர்வலமாடா?"ம்பேன். சந்தேகம் வரக்கூடாதுல்ல!

ஒரே மாசம். எழுத்து கோட்டுல ஏறி உக்காந்திருச்சு. அம்புட்டுச் சீட்டும் என் ஸ்கூல் பையில.

போன சனிக்கிழமை அம்மாகூட ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பஸ்ஸை விட்டு இறங்குனதுமே அன்சார் ஆரம்பிச்சான்.

"என் சீட்டு ஒட்டுன பெட்டியப் பாக்கணும்."

அங்க ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா, இனி பென்சிலைத் தொடவே மாட்டான்.

தலைதெறிக்க முன்னாடி கடைக்கு ஓடி, பையோட கொண்டுவந்திருந்த சீட்டுக் கட்டை மாமா கையில திணிச்சேன்.

"மாமா, காப்பாத்துங்க! தினமும் தம்பிகிட்ட போன்ல பேசுனது நீங்கதான்னு மட்டும் சொல்லிருங்க!"

மாமா முழிச்சாரு. கழுத்துல ஒரு கட்டு.

கல்லாவுல இருந்த இசக்கியம்மாள் அத்தை சொன்னாங்க: "ஏட்டி, அவிய எப்பிடிச் சொல்லுவாவ? தொண்டையில ஆபரேசன். வாயத் தொறந்து ஒண்ணரை மாசமாச்சு!"

திரும்பினா, பின்னாடியே அன்சார். எல்லாத்தையும் கேட்டுட்டான்.

அழப்போறான்னு நெனச்சேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கான்!

"எனக்கு முத நாளே தெரியும்க்கா. மாமா குரல்ல பேசுறப்ப நடுநடுவுல நீ சிரிச்சே."

"தெரிஞ்சுமா எழுதுன? ஏன்டா?"

"போன்ல வர்ற அக்காதான் என் எழுத்து அழகுன்னு சொன்னா. வீட்டுல இருக்கிற அக்கா ஒரு தடவைகூடச் சொல்லலையே."