பல் டாக்டர் போட்ட நங்கூரம்

“இன்னைக்கு ஒரு ராத்திரி. விடியற வரைக்கும் படகு இருந்த இடத்துல இருந்தா வச்சுக்கலாம். நகர்ந்துச்சுன்னா வித்துட வேண்டியதுதான்.”

மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டல் இல்லை. வாங்குவதற்கு ஒரு ஆளையே பார்த்து வைத்திருந்தாள்.

பல் டாக்டரான அவள் புருஷன் படகைத் தடவிப் பார்த்தார். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஒன்று விடாமல் சுரண்டி, பெயிண்ட் அடித்து, பாய் மாற்றித் தேற்றிய படகு. ஆனால் அவள் பக்கமும் நியாயம் இருந்தது. போன தடவை நங்கூரம் பிடிக்காமல், தூங்கி எழுந்தபோது மணல்திட்டில் சாய்ந்து கிடந்தார்கள். மீன்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்ததைக் கரையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

“வேரோட பிடுங்கறதுதான் உங்க தொழில். ஊன்றி நிக்க வைக்கிறது உங்களுக்கு எங்க வரும்?” என்று அன்றைக்குக் கேட்டவள், அப்புறம் படகில் கால் வைத்தது இன்றைக்குத்தான்.

தீவு உள்வாங்கி வளைந்த இடத்தில் கடல் குளம் மாதிரி கிடந்தது. வேறு ஒரு படகும் இல்லை. டாக்டர் ஆழம் பார்த்தார். மூன்று மீட்டர். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும் என்பது கணக்கு. நங்கூரத்தைப் போட்டு, பதினைந்து மீட்டர் விட்டார். கரையில் ஒரு ஒற்றை மரம், அதன் பின்னால் ஒரு பாறை. இரண்டும் நேர்கோட்டில் தெரிந்தன. காலையிலும் அப்படியே தெரிந்தால் படகு பிழைத்தது.

“மாமா, ராத்திரி தண்ணி ஏறுமே?”

படுத்தபடியே கேட்டான் மச்சினன். மனைவியின் தம்பி. மூன்று வேலையை விட்டவன், நாலாவதை இன்னும் தேடாதவன்.

“நீ முதல்ல எழுந்து உட்கார்ற வழியைப் பாரு.”

கீழே அறையிலிருந்து குரல் வந்தது. “என்னங்க, அடுப்பு எரிய மாட்டேங்குது. கொஞ்சம் வாங்களேன்.”

இறங்கினார். திருகியதுமே அடுப்பு எரிந்தது. குழாய் சொட்டுகிறது என்றாள். அது சொட்டவே இல்லை. அலமாரிக் கதவு மூடவில்லை என்றாள். தள்ளியதும் மூடிக்கொண்டது. ‘விக்கிறதுக்குக் காரணம் சேர்க்கிறா’ என்று புரிந்தது டாக்டருக்கு. முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

மேலே வந்தால், மச்சினன் பின்னால் கட்டியிருந்த சின்ன ரப்பர் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான்.

“எங்கடா போனே?”

“மீன் பிடிக்க.”

“மீன் எங்க?”

“மாட்டலை.”

தூண்டில் வாங்கிய பாக்கெட்டைக்கூட அவன் பிரித்திருக்கவில்லை.

“தூண்டில் நனையாம ஆள் மட்டும் நனைஞ்சு வந்த மீன்காரன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்” என்றார் டாக்டர்.

அவன் படகின் முன்பக்கம் போய்ப் போர்வையை விரித்து நீட்டிப் படுத்துவிட்டான். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, தட்டு அவன் இருந்த இடத்துக்கே போனது. கொடுத்து வைத்த ஜென்மம்.

ராத்திரி காற்று கிளம்பிவிட்டது. சங்கிலி கடகடவென்று சத்தம் போட்டது. டாக்டர் வேண்டாத தெய்வம் இல்லை. பக்கத்தில் மனைவி அசந்து தூங்கினாள். படகு நகர்ந்துவிடும் என்று பயப்படுகிறவளுக்கு எப்படித்தான் இப்படித் தூக்கம் வருகிறதோ.

விடிந்ததும் முதல் வேலையாக மேலே ஓடினார். மரமும் பாறையும் நேர்கோட்டில் இருந்தன.

“வந்து பாரு. நீயே வந்து பாரு.”

அவள் வந்து நிதானமாகப் பார்த்தாள். “சரி, விக்க வேண்டாம். அந்த ஆள்கிட்ட நானே சொல்லிடறேன்” என்று காப்பி போடக் கீழே போனாள்.

டாக்டருக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளம்பலாம் என்று நங்கூரத்தை இழுத்தார்.

பொசுக்கென்று வந்துவிட்டது. ஆடுகிற பல்கூட இவ்வளவு சுலபமாக வராது. முனையில் துளி சேறு இல்லை. ராத்திரி தண்ணீர் ஏறியதும், சங்கிலி போதாமல் அது எப்போதோ பிடியை விட்டிருக்கிறது.

ஆனால் நங்கூரம் கைக்கு வந்த பிறகும் படகு அசையவில்லை.

போய் மச்சினனின் போர்வையை விலக்கினார். அவன் முதுகுக்கு அடியில் ஒரு தடித்த கயிறு ஓடியது. ஒரு முனை படகில் கட்டியிருந்தது, மறுமுனை தண்ணீருக்குள் போனது. பெட்டியில் கிடந்த உதிரி நங்கூரத்தைக் காணோம்.

“நீயாடா?”

அவன் எழுந்து ‘உஷ்’ என்று உதட்டில் விரலை வைத்தான்.

டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “இல்லடா. உங்க அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். நான் தோத்தாச்சு. படகு போனாப் போகட்டும், பொய் சொல்லி வச்சுக்க வேண்டாம்.”

“காரியத்தைக் கெடுத்துடாதீங்க, மாமா. நங்கூரம் போடறதைப் பத்தின புத்தகத்தை நீங்க பத்துப் பக்கத்தோட மூடி வச்சிட்டீங்க. முழுசாப் படிச்சது அக்காதான். ‘தண்ணி ஏறினா இந்தச் சங்கிலி பத்தாதுடா. படகு நகர்ந்தா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. சத்தமில்லாம இன்னொண்ணைப் போட்டுட்டு வா. அதுவரைக்கும் அடுப்பு எரியலைன்னு அவரைக் கீழ பிடிச்சு வைக்கிறேன். காலையில அதை எடுக்கறப்பவும் அப்படித்தான்’னு சொன்னா.”

அவன் சொல்லி முடிக்கவில்லை, கீழேயிருந்து குரல் வந்தது.

“என்னங்க, அடுப்பு எரிய மாட்டேங்குது. கொஞ்சம் வாங்களேன்.”

“இதோ வந்துட்டேம்மா” என்று இறங்கினார் டாக்டர்.