கதவோடு வருகிறவள்

ஊரார் நெட்டச்சி என்று கூப்பிடுகிறவள் இடுப்பளவு வெள்ளத்தில் நின்று தன் குடிசைக் கதவைக் கழற்றுகிறாள். கீலில் ஆணி கிடையாது, முறுக்கிய கம்பிதான். வருஷா வருஷம் கழற்ற வேண்டியிருப்பதால் அவளே செய்துகொண்ட ஏற்பாடு. இரண்டு கைகளும் கதவைப் பிடித்திருக்க, கம்பியைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். மறுபக்கம் நாத்தனார் தோள் கொடுத்து நிற்கிறாள். காலை வெயில் தண்ணீரில் பட்டு இருவர் முகத்திலும் நெளிகிறது. மண்சுவரில் ஒரு கட்டி பெயர்ந்து பொளக்கென்று விழுகிறது. இருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. படகில் வந்த அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. “உசுரு பெருசா, கதவு பெருசாம்மா? ஏறு சீக்கிரம்.” கம்பியைத் துப்பிவிட்டு நெட்டச்சி சொல்கிறாள்: “மூணு வீட்டை இந்த ஆறு தின்னுடுச்சு சார். கதவு மட்டும் அதேதான்.” “படகுல அதுக்கு இடமில்ல.” “உங்க படகை யாரு கேட்டா?” கதவு மல்லாந்து மிதக்கிறது. சினை ஆட்டை இருவருமாகத் தூக்கி அதன்மேல் படுக்க வைக்கிறார்கள். பக்கத்தில் அடுப்பு, விதைநெல் மூட்டை. ஆடு மிரண்டு கத்துகிறது. நாத்தனார் அதன் கண்ணை முந்தானையால் பொத்துகிறாள். “திரும்பி வந்தா இங்க ஒண்ணும் இருக்காதும்மா” என்கிறார் அதிகாரி, இப்போது கொஞ்சம் தணிந்த குரலில். நெட்டச்சி கதவை நெஞ்சால் தள்ளிக்கொண்டு படகைக் கடக்கிறாள். “தண்ணி வடிஞ்சதும் வாங்க சார். கதவைத் தட்டிட்டு உள்ள வாங்க.”