பெயின்ட் படாத இடம்

"மஹ்ரூப் நானா, இது என்ன வேலை?"

படகின் அடியில் குனிந்து நின்றபடி கத்தினான் கிருஷாந்த். சுற்றுலாக்காரரை ஏற்றிப் பிழைக்கிற அவனுடைய பாய்ப்படகு, திருகோணமலைக் கரையில் முட்டுக்கொடுத்து நின்றது. அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பாசி பிடிக்காத சிவப்புப் பெயின்ட் அடிக்கும் வேலை.

அடித்ததில் உள்ளங்கை அகலத்துக்கு ஆறு இடம் விட்டுப்போயிருந்தது.

"விட்ட இடத்தில சிப்பி வந்து குடும்பம் நடத்தும் எண்டு உங்களுக்குத் தெரியாதே? நாளைக்குத் தண்ணியில இறக்க வேணும்!"

"பின்னேரம் வந்து பாருங்க தம்பி."

அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டு நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார் மஹ்ரூப். முப்பது வருடமாகப் படகுக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதர். யானைக்கும் அடி சறுக்கும், சரி. ஒரே நாளில் ஆறு தரமா சறுக்கும்?

வேறு ஆளைப் பிடிக்க போனை எடுத்தான் கிருஷாந்த். அப்போது மறுபக்கம் பிரஷ் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான்.

மஹ்ரூபின் மனைவி நபீஸா! சோற்றுப் பார்சலைக் கீழே வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, விட்ட இடத்தையெல்லாம் மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, நீங்களா?"

நபீஸா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அவருக்குச் சொல்லிப் போடாதீங்க தம்பி. கண் மங்கிட்டுது போல, இடம் விட்டுப் போறது தெரியுதில்ல. சொன்னா மனிசன் உடைஞ்சு போயிருவார். சோறு கொண்டு வாற சாட்டில தினமும் நான்தான் சரிக்கட்டுறன்."

கிருஷாந்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. போனைப் பைக்குள் போட்டான்.

அவள் போன பிறகு மஹ்ரூப் வந்தார்.

"நானா, ஒருக்கா ஆஸ்பத்திரியில கண்ணைக் காட்டுவம். நானே கூட்டிக்கொண்டு போறன்."

மஹ்ரூப் சிரித்தார். பெயின்ட் தகரத்தைத் தூக்கி, அதில் எறும்பளவு இருந்த எழுத்துகளைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டினார்.

"கண்ணுக்கு ஒண்டுமில்ல தம்பி."

"அப்ப அந்த ஆறு இடம்?"

"ஒரே மகன் கட்டாருக்கு வேலைக்குப் போனதில இருந்து மனிசி மூலையில குந்தி அழுதுகொண்டே கிடந்தா. ஒருநாள் சோறு கொண்டு வந்தவ, நான் தவறுதலா விட்ட இடத்தைக் கண்டு பிரஷைக் கையில எடுத்தா. அண்டைக்குத்தான் அவட முகம் வெளிச்சுது."

மஹ்ரூப் குரலைத் தாழ்த்தினார்.

"அண்டையில இருந்து வேணுமெண்டுதான் விடுறன். அவவுக்குச் சொல்லிப் போடாதீங்க."