தண்ணீர் கேட்ட குரல்

1912. சிங்கப்பூரில் எங்கள் கான்வென்ட் பள்ளியில் வருடாந்தர ஞான ஒடுக்கம் நடந்தது. மூன்று நாள் ஜெபம், தியானம் மட்டும்தான். யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. போன வருட ஒடுக்கத்தில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சவேரியம்மாள் காய்ச்சலில் தண்ணீர் கேட்டாள். பேசியதற்குத் தண்டனையாக, எங்களைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் ஆக்னஸ் தண்ணீர் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள். காலரா என்று வீட்டுக்கு எழுதினார்கள்.

இந்த வருடம் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டின்போது ஒரு குரல் கேட்டது.

"தண்ணி வேணும் சிஸ்டர்."

"யாரு பேசினது?" என்றார் சிஸ்டர் ஆக்னஸ்.

எல்லோரும் தலை குனிந்திருந்தோம். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கோபத்தில் எழுந்து நின்றேன்.

"கேட்டது சவேரி. இந்தத் தடவையாச்சும் குடுங்க!"

சிஸ்டர் என்னை வராந்தாவில் முழங்காலில் நிறுத்திவிட்டு, மற்றவர்களைக் கோயிலுக்கு அனுப்பினார். சாலையில் மாட்டுவண்டிகள் தேக்கா பக்கம் போய்க்கொண்டிருந்தன. சாப்பாட்டு அறைக்குள் சிஸ்டர் மட்டும் இருந்தார். மறுபடியும் அந்தக் குரல் கேட்டது. பிறகு கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம். அது நிற்கவேயில்லை.

"போதுமா? போதுமாம்மா?" என்று சிஸ்டர் அழுதுகொண்டே கேட்டார்.

கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.